எல்லோரும் புதியவர்கள்: 1952இன் ஐதராபாத் சட்டமன்றம்

1952இல் ஐதராபாத் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வான 175 பேரில், வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்து உருவான ஒரு சபையில் அதற்கு முன் அமர்ந்தவர் ஒருவர்கூட இல்லை. முதலமைச்சர் பூர்குல ராமகிருஷ்ண ராவ், பேரவைத் தலைவர் காசிநாத் ராவ் வைத்யா, எதிர்க்கட்சித் தலைவர் வி. டி. தேஷ்பாண்டே உட்பட எல்லோருக்கும் அது முதல் தவணை. 142 தொகுதிகளில் 33 இரட்டை உறுப்பினர் தொகுதிகள். காங்கிரஸ் 93 இடங்களைப் பிடித்தது. கம்யூனிஸ்ட் கட்சி தடையில் இருந்ததால் அதன் ஆட்கள் மக்கள் ஜனநாயக முன்னணி என்ற பெயரில் நின்று 42 இடங்களை வென்றனர். சோஷலிஸ்ட் கட்சிக்கு 11, விவசாயி தொழிலாளர் கட்சிக்கு 10, பட்டியல் சாதியினர் கூட்டமைப்புக்கு 5. மீதி 14 பேர் சுயேச்சைகள்.

நிஜாம் ஆட்சியிலும் சட்டசபை என்ற பெயர் இருந்தது. 1893இல் தொடங்கிய சட்டமியற்றும் குழுவில் பெரும்பாலும் அதிகாரிகளே இருந்தனர். 1937இல் திவான் பகதூர் அரவமுது ஐயங்கார் தலைமையில் அமைந்த சீர்திருத்தக் குழு நிலவுடைமையாளர், வணிகர், வழக்கறிஞர், பட்டதாரி எனத் தொழில்வாரியாகப் பிரதிநிதித்துவம் தரச் சொன்னது. 1939இல் அறிவிக்கப்பட்ட அந்தத் திட்டம் போரால் தள்ளிப்போயிற்று. 1946இல் அதை ஒட்டித் தேர்தல் நடந்தபோது மாநிலக் காங்கிரஸ் புறக்கணித்தது. 1948 செப்டம்பரில் இந்தியப் படை நுழைந்தது. பிறகு இராணுவ ஆளுநர் ஜே. என். சௌதுரி, அடுத்து எம். கே. வெள்ளோடி என நியமன நிர்வாகம் நடந்தது.

சபை அனுபவம் இல்லாவிட்டாலும் மக்களோடு பழகிய அனுபவம் இவர்களில் பலருக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் இருந்தது. வாக்குச்சீட்டே இல்லாத காலத்தில் வாக்காளரைச் சேர்த்து வைத்தவர்கள் என்று சொன்னால் மிகையாகாது. 1921 நவம்பரில் ஐதராபாத் விவேக வர்த்தினி அரங்கில் கார்வே தலைமையில் சமூகச் சீர்திருத்த மாநாடு நடந்தது. அங்கே ஒரு வழக்கறிஞர் தெலுங்கில் பேச எழுந்தபோது கூட்டம் கேலி செய்தது. அந்த அவமானத்திலிருந்து ஆந்திர ஜனசங்கமும் அதிலிருந்து ஆந்திர மகாசபையும் பிறந்தன. ஊர்தோறும் நூலகம் திறப்பது, தாய்மொழிப் பள்ளி கேட்பது, கூலியில்லாமல் வேலை வாங்கும் வெட்டி முறையை எதிர்ப்பது என்று அதன் பணி விரிந்தது. மகாசபையின் முதல் மாநாடு 1930இல் ஜோகிபேட்டையில் நடந்தது. தலைமை தாங்கியவர் ‘கோல்கொண்டா பத்திரிகா’ ஆசிரியர் சுரவரம் பிரதாப ரெட்டி. அடுத்த ஆண்டு தேவரகொண்டாவில் தலைவர் பூர்குல. 1944இல் புவனகிரியில் ராவி நாராயண ரெட்டியின் தலைமையில் மகாசபை இடதுபக்கம் சாய, மிதவாதிகள் பிரிந்து போனார்கள். 1952இல் பூர்குல ஆளும் வரிசையில் இருந்தார், சுரவரம் வனபர்த்தியிலிருந்து வந்திருந்தார், ராவியின் தோழர்கள் எதிர்வரிசையை நிரப்பினர். ராவி நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் நேருவைவிட அதிக வாக்குகள் வாங்கினார். ஆக, அந்த முதல் சபையில் மோதிக்கொண்ட இரு தரப்புக்கும் வேர் ஒன்றுதான். இதை மறந்துவிட்டு அதன் விவாதங்களைப் படித்தால் பாதிதான் புரியும்.

பெண் உறுப்பினர்களும் சபைக்கு வெளியே அனுபவம் பெற்றவர்களே. ஐதராபாத் பழைய நகரத்தின் ஷாலிபண்டாவில் வென்ற மாசூமா பேகம் மாதர் சங்கப் பணியால் அறியப்பட்டவர். பின்னாளில் ஆந்திரப் பிரதேச அமைச்சரானார். ஆலேரில் வென்ற ஆருட்ல கமலாதேவி தெலங்கானா ஆயுதப் போராட்டத்தில் தலைமறைவாக இருந்து சிறை சென்றவர். ஒருவருக்கு அரண்மனைச் சூழல், மற்றவருக்குக் காடு.

சபை கூடிய சில மாதங்களிலேயே சோதனை வந்தது. மண்ணின் மைந்தர்களான முல்கிகளுக்கு உரிய வேலைகள் வெளியூராருக்குப் போகின்றன என்று வாரங்கலில் எழுந்த மாணவர் கிளர்ச்சி தலைநகருக்குப் பரவியது. 1952 செப்டம்பர் 3 அன்று சிட்டி கல்லூரி அருகே போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. உயர்நீதிமன்ற நீதிபதி பிங்களி ஜகன்மோகன் ரெட்டியிடம் விசாரணை ஒப்படைக்கப்பட்டது. தொகுதி மக்கள் ஒருபுறமும் கட்சி மறுபுறமும் இழுத்தால் உறுப்பினர் எந்தப் பக்கம் போவது என்ற கேள்வியை ஆளும் கட்சிப் புதியவர்கள் அந்த வாரத்தில்தான் முதன்முதலாகச் சந்தித்தார்கள் எனலாம்.

அவர்கள் விட்டுச்சென்ற பெரிய சட்டம் நிலம் பற்றியது. 1950இல் நியமன அரசு கொண்டுவந்த குத்தகை மற்றும் விவசாய நிலச் சட்டத்தை 1954இல் சபை திருத்தியது. பாதுகாக்கப்பட்ட குத்தகைதாரருக்கு நில உரிமையையே மாற்றிக் கொடுக்கும் 38-இ பிரிவு இந்தத் திருத்தத்தில் வந்தது. குடும்பத்துக்கு இவ்வளவுதான் என்ற நில உச்சவரம்பும் வந்தது. அன்றைய இந்தியாவில் துணிச்சலான சட்டம் அது. ஆனால் பல இடங்களில் குத்தகைதாரர் அதற்கு முன்பே வெளியேற்றப்பட்டிருந்தனர்.

1955 செப்டம்பரில் மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் அறிக்கை வந்தது. தெலங்கானாவைத் தனியாக ஐதராபாத் மாநிலமாக வைத்து, 1961 வாக்கில் நடக்கும் பொதுத்தேர்தலுக்குப் பின் அதன் சட்டமன்றம் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு விரும்பினால் ஆந்திராவோடு சேர்க்கலாம் என்றது ஃபசல் அலி தலைமையிலான ஆணையம். நவம்பர் இறுதியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் சபை இதை விவாதித்தது. 147 பேர் கருத்துச் சொன்னார்கள். 103 பேர் விசாலாந்திரா எனப்பட்ட இணைப்பின் பக்கம், 29 பேர் தனித் தெலங்கானா பக்கம், 15 பேர் நடுநிலை. தெலங்கானா உறுப்பினர்களை மட்டும் எடுத்தால் 59க்கு 25. கம்யூனிஸ்டுகள் இணைப்புக்கு ஆதரவு; காங்கிரஸிலேயே கே. வி. ரங்கா ரெட்டியும் மர்ரி சென்னா ரெட்டியும் எதிர்ப்பு. இந்த எண்கள் பேச்சுகளிலிருந்து கூட்டியெடுக்கப்பட்டவை. தீர்மானத்தின்மீது வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. அந்தத் தவணையின் மிகப் பெரிய கேள்வியில் ஒவ்வொருவரின் நிலைப்பாடும் ஊருக்குத் தெரிந்தது, வாக்கு மட்டும் பதிவாகவில்லை. இணைப்பை எதிர்த்தவர்களின் அச்சத்தைத் தணிக்க 1956 பிப்ரவரி 20 அன்று டெல்லியில் இரு தரப்பிலும் நால்வர் கையெழுத்திட்ட கனவான்கள் ஒப்பந்தம் உருவானது. தெலங்கானா சார்பில் பூர்குல, ரங்கா ரெட்டி, சென்னா ரெட்டி, ஜே. வி. நரசிங்க ராவ்.

1956 நவம்பர் 1 அன்று அந்தச் சபை மறைந்தது. மராத்திப் பகுதி பம்பாய்க்கும் கன்னடப் பகுதி மைசூருக்கும் தெலுங்குப் பகுதி ஆந்திரப் பிரதேசத்துக்கும் போயின. ஆந்திரப் பகுதியில் 1955இலேயே தேர்தல் முடிந்திருந்ததால் 1957இல் தெலங்கானாவின் 105 இடங்களுக்கு மட்டும் தேர்தல் நடந்தது. ஒரே மன்றத்தில் வெவ்வேறு ஆண்டுகளில் தேர்வான இரு பிரிவினர் சேர்ந்து 301 பேரானார்கள்.

அதே அளவில் புதுமுகங்கள் ஐதராபாத்தில் திரண்டது 1983இல். என். டி. ராமராவின் தெலுங்கு தேசம் 294இல் 200க்கும் மேற்பட்ட இடங்களை வென்றது. பெரும்பாலோர் அரசியலுக்கே புதியவர்கள். 1984 ஆகஸ்ட் 16 அன்று ஆளுநர் ராம்லால் ராமராவைப் பதவி நீக்கி பாஸ்கர ராவை முதலமைச்சராக அமர்த்தியபோது, அந்தப் புதியவர்களின் தலைகள் சபைக்கு வெளியே எண்ணப்பட்டன. முதலில் ராமகிருஷ்ணா ஸ்டூடியோவில், பிறகு குடியரசுத் தலைவர் முன்னால், பிறகு கர்நாடகத்தில். சரியாக ஒரு மாதத்தில் ராமராவ் திரும்பினார். மறு ஆண்டு கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தது. அதன்பின் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகும் என்ற நிலை. 2011 டிசம்பரில் கிரண்குமார் ரெட்டி அரசு மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானம் 122க்கு 160 என்று தோற்றது. கட்சியை மீறி வாக்களித்த காங்கிரஸ் உறுப்பினர்கள் 16 பேர் மறு ஆண்டு பதவி இழந்தனர். அந்த இடங்கள் உட்பட 2012 ஜூனில் நடந்த 18 இடைத்தேர்தல்களில் 15ஐ ஜெகன்மோகன் ரெட்டியின் கட்சி வென்றது.

தெலங்கானாவைப் பிரிக்கும் மசோதா 2013 டிசம்பரில் ஐதராபாத் சபைக்கு வந்தது. 2014 ஜனவரி 30ஆம் தேதி அதை நிராகரிக்கும் தீர்மானம் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அரசியல் சாசனத்தின் 3ஆம் பிரிவின்படி சபையின் கருத்து நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. பிப்ரவரி 18 அன்று மக்களவையும் அதே மசோதாவைக் குரல் வாக்கெடுப்பிலேயே ஏற்றது.