தீர்வையும் திறனும்: 1979ஆம் ஆண்டுச் சட்டமும் ஊழியரின் மொழியும்

சிங்கப்பூரின் திறன் மேம்பாட்டுத் தீர்வைச் சட்டம் 1979ஆம் ஆண்டு நடப்புக்கு வந்தது. மாதம் 750 வெள்ளியோ அதற்குக் குறைவாகவோ ஈட்டிய ஒவ்வோர் ஊழியருக்காகவும், அவர் சம்பளத்தில் 2 விழுக்காட்டுக்கு ஈடான தொகையை முதலாளி தம் கையிலிருந்து செலுத்தவேண்டும் என்பது அன்றைய விதி. திரண்ட பணம் திறன் மேம்பாட்டு நிதியில் சேரும். ஊழியரைப் பயிற்சிக்கு அனுப்பும் நிறுவனம், செலவில் ஒரு பகுதியை அந்நிதியிலிருந்து மானியமாகப் பெறலாம்.

குறைந்த சம்பளத்தின்மீது மட்டும் தீர்வை விதித்ததேன்? மலிவான உழைப்பை நம்பிய தொழில்களிலிருந்து நாட்டை நகர்த்துவதே அக்காலக் கொள்கை. தேசிய சம்பள மன்றம் அவ்வாண்டு முதல் உயர்ந்த சம்பள உயர்வுகளைப் பரிந்துரைத்தது. இத்தீர்வையும் அதே நோக்கத்தின் மற்றொரு கரம். திறனற்ற வேலையை நடத்திக்கொண்டே இருப்பதற்கு ஒரு தண்டம் என்றே இதனைக் கொள்ளலாம். 1980இல் அது 4 விழுக்காடாக உயர்ந்தது. 1985ஆம் ஆண்டுப் பொருளியல் மந்தத்தில் வணிகச் செலவு பெருஞ்சுமையானபோது குறைக்கப்பட்டது.

தீர்வை என்னும் சொல் ‘தீர்’ என்னும் வினையடியாகப் பிறந்தது. செலுத்தினால் கடமை தீர்ந்தது என்பது அதன் தொனி. இச்சட்டத்தின் நோக்கமோ செலுத்தியவுடன் தீர்வதன்று. ஊழியர் வகுப்பறையில் அமரும்போதுதான் தொடங்குகிறது. பயிற்சிக்கெனத் தனிப் பிரிவு வைத்திருந்த பெருநிறுவனங்கள் மானியத்தை எளிதில் பெற்றன. பத்துப் பேரைக் கொண்ட பட்டறையில் ஒருவரை விடுவித்தால் அவர் வேலையைப் பார்க்க ஆளில்லை. அத்தகைய இடங்களில் தீர்வை மற்றுமொரு வரியாகவே நின்றுவிட்டது.

மாணவர்கள் கூர்ந்து நோக்கவேண்டிய இடம் மொழி. அன்றைய ஊழியருள் பலர் தொடக்கப் பள்ளியையே முடிக்காதவர்கள். வேறு பலர் தமிழ், சீனம், மலாய் வழியில் கற்றவர்கள். இயந்திரக் கையேடும் தேர்வுத்தாளும் ஆங்கிலத்தில் இருந்தன. ஆகவே 1983இல், வேலை செய்வோருக்குத் தொடக்கநிலை ஆங்கிலமும் கணிதமும் கற்பிக்கும் ‘பெஸ்ட்’ திட்டம் தொடங்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில்தான் உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி மூடப்பட்டிருந்தது. தமிழில் பின்னமும் விகிதமும் நன்கறிந்த ஒருவர், அவற்றையே வேறு பெயர்களில் மீண்டும் கற்கவேண்டியவரானார். அத்திட்டம் பலருக்குக் கதவு திறந்தது என்பதில் ஐயமில்லை. இச்சட்டக் காலத்தின் சிறந்த விளைவுகளுள் ஒன்றாகவே அதனைக் கருதுகிறேன். ஆயினும் திறன் வேறு, திறனைச் சொல்லும் மொழி வேறு. ஆங்கிலம் அறியாமையைத் திறனின்மையாகக் கணக்கிடும் பழக்கம் அக்காலத்தில் வேரூன்றியது; இன்றும் அது முற்றாக அகலவில்லை.

இன்னொரு குறையும் இருந்தது. எந்தப் பயிற்சி, யாருக்கு என்பதை முதலாளியே முடிவுசெய்தார். நிதியின்மீது ஊழியருக்கு நேரடி உரிமை இல்லை. 2008 அக்டோபரில் தீர்வை எல்லா ஊழியர்க்கும் விரிந்தது: மாதச் சம்பளத்தின் முதல் 4,500 வெள்ளியில் 0.25 விழுக்காடு, குறைந்தது 2 வெள்ளி. தெரிவு ஊழியர் கைக்கு வந்தது அதற்கும் பின்னரே. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இயக்கத்தின்கீழ் 25 வயதைக் கடந்த குடிமக்களுக்கு 500 வெள்ளியும், 2024இல் 40 வயதைக் கடந்தோருக்கு மேலும் 4,000 வெள்ளியும் பயிற்சிக்கென வழங்கப்பட்டன. இத்தொகைகள் தீர்வையிலிருந்து வேறானவை. தெரிவு செய்பவர் ஊழியரே. மலேசியாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கு மாற்றாக வந்த 2001ஆம் ஆண்டுச் சட்டமும் நிறுவனத்தின் வழியே செல்லும் முறையையே கைக்கொண்டன. சட்டத்தின்கீழ் வரும் துறைகளில், பத்து மலேசிய ஊழியர்க்குக் குறையாத நிறுவனங்கள் சம்பளத்தில் 1 விழுக்காடு செலுத்துகின்றன.

சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியருக்காகவும் முதலாளி தீர்வை செலுத்துகிறார். ஆனால் மேற்சொன்ன 500 வெள்ளியும் 4,000 வெள்ளியும் குடிமக்களுக்கு மட்டுமே உரியவை. எனினும், தமிழகத்திலிருந்து வரும் கட்டுமான ஊழியர் வேலைத்தளத்தில் இறங்குமுன் முடிக்கவேண்டிய பாதுகாப்புப் பாடம் தமிழிலும் நடத்தப்படுகிறது. உயரத்தில் நிற்பவர் எச்சரிக்கையைத் தம் மொழியில் புரிந்துகொள்ளவேண்டும் என்பதை அங்கே எவரும் மறுப்பதில்லை.