ஓடாத கோட்ரிக்

பாடசாலையில் ஆங்கிலம் படிக்கிறோம். அதன் ஆதி வடிவத்தில் பாடிய மோல்டன் போர்க்கவிதையை அறிந்தவர்கள் எங்களில் குறைவு.

991இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் கரைக்கு வைக்கிங் படை வந்தது. கடல் வற்றும்போது தெரியும் ஒடுங்கிய பாதைதான் அவர்களுக்கு வழி. மூன்றே பேர் அதை மறித்து நின்றார்கள். தளபதி பிரித்நொத்தோ எதிரியைக் கரையேற விட்டார். எங்களுக்கு இது வீரமாகப் படவில்லை, வீண்பெருமைதான்.

அவர் விழுந்ததும், அவரிடம் எத்தனையோ குதிரைகளைப் பரிசு வாங்கிய கோட்ரிக், அவருடைய குதிரையிலேயே ஏறி ஓடினான். தலைவரே ஓடுகிறார் என்று நினைத்துப் பலர் கலைந்தார்கள். மற்றவர்கள், தலைவரை விட்டு வீடு திரும்புவது மானக்கேடு என்று நின்று மடிந்தார்கள். அவர்களில் ஒருவன் பெயரும் கோட்ரிக்! ஓடியவன் இவனல்ல என்று கவிஞர் மறக்காமல் சொல்லி வைக்கிறார்.

மூலச்சுவடி 1731இல் தீயில் எரிந்தது. முன்பே எடுத்து வைத்த பிரதி மிஞ்சியது. அதுவும் அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது.