கைப்பேசி பேட்டரி தளர்ந்துவிட்டதா? கண்டறிவது எப்படி?

திரையில் 30 விழுக்காடு காட்டுகிறது. வேஸ் செயலியைத் திறந்து வழி தேடியதும் கைப்பேசி அணைந்துவிடுகிறது. சார்ஜரைச் செருகினால் அதே அளவைக் காட்டி மீண்டும் உயிர் பெறுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் உணவு விநியோகிக்கும் இளைஞர்களும் இ-ஹெய்லிங் ஓட்டுநர்களும் இதைக் கண்டிருப்பார்கள். கைப்பேசியே கெட்டுவிட்டது என்று எண்ணித் தவணைக்குப் புதியது வாங்குவோரும் உண்டு. பெரும்பாலும் தளர்ந்திருப்பது உள்ளே இருக்கும் லித்தியம்-அயன் பேட்டரி மட்டும்தான்.

சார்ஜ் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் பேட்டரியிலுள்ள லித்தியத்தில் சிறு பங்கு படலமாகப் படிந்து பயனற்றுப் போகிறது. அதனால் கொள்ளளவு குறைகிறது; உள்ளே மின்தடையும் கூடுகிறது. கொள்ளளவு குறைவதைக் கண்டுகொள்வது எளிது. காலையில் ஏற்றிய சார்ஜ் மதியத்திற்கே தீர்ந்துவிடும். மின்தடைதான் ஏமாற்றும். தொட்டியில் தண்ணீர் இருந்தும் குழாய் அடைத்துக்கொண்டால் மெதுவாகத்தான் வரும் அல்லவா? அதுபோல, வழிகாட்டியும் கேமராவும் ஒரே நேரத்தில் அதிக மின்சாரம் கேட்கும்போது தளர்ந்த பேட்டரியால் கொடுக்க முடியாது. கைப்பேசி அணைந்துவிடும்.

ஐபோனில் 'அமைப்புகள்' பகுதியில் பேட்டரியின் நலனைப் பார்க்கலாம். சாம்சுங் கைப்பேசிகளில் சாம்சுங் மெம்பர்ஸ் செயலி உதவும். அதிகபட்சக் கொள்ளளவு 80 விழுக்காட்டிற்குக் கீழே போயிருந்தால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். ஐபோன் 14 வரையிலான பேட்டரிகள் 500 முழுச் சுற்றுகளுக்குப் பிறகும், ஐபோன் 15 முதல் வந்தவை 1,000 சுற்றுகளுக்குப் பிறகும் 80 விழுக்காட்டைத் தக்கவைக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டவை என்கிறது ஆப்பிள். இன்று பாதி, நாளை பாதி செலவழித்தால் அது ஒரே சுற்றுதான்.

நம் ஊரில் பெரிய எதிரி வெயில். சுற்றுப்புற வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டினால் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம். மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிய கைப்பேசி உச்சி வெயிலில் காய்ந்துகொண்டே வழியும் காட்டி, பவர் பேங்கிலிருந்து சார்ஜும் ஏற்றிக்கொண்டிருந்தால் மூன்று பக்கமும் சூடு. நிறுத்திய காரின் டேஷ்போர்டும் அப்படித்தான். முழுவதும் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்பது பழைய நிக்கல் பேட்டரிக் காலத்துப் பேச்சு. லித்தியத்திற்கு அது கேடு.

இவையெல்லாம் தளர்ச்சி. வீக்கம் வேறு, அது ஆபத்து. திரை ஓரத்தில் தூக்கிக்கொண்டு நிற்பது, பின்மூடி பிளவுபடுவது, பவர் பேங்க் மேசையில் சமமாக உட்காராமல் ஆடுவது, இனிப்பு கலந்த ரசாயன வாடை வருவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள். சார்ஜ் போட வேண்டாம். அழுத்தவோ துளைக்கவோ கூடாது. தீப்பிடிக்கும் பொருள்கள் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, பழுதுபார்ப்பவரிடம் நிலைமையைச் சொல்லிக் கேளுங்கள். புகை வந்தால் விலகிச் சென்று 999-ஐ அழையுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைகளில் மாற்றுவோர், போடப்போவது அசல் பேட்டரியா, எத்தனை மாத உத்தரவாதம் என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குவது நல்லது. விலை மலிவு என்பதற்காகப் பெயர் தெரியாத பேட்டரியைப் போட்டுக்கொண்டு தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்குவானேன்?

தமிழ்நாட்டுக்குப் பறப்போர் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைத்திருக்க வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் மலேசியா ஏர்லைன்ஸ் விமானங்களில் அதைப் பயன்படுத்தவோ சார்ஜ் செய்யவோ அனுமதியில்லை.

பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை லாரியில் நசுங்கித் தீப்பற்றக்கூடும். முனைகளில் டேப் ஒட்டி, மின்னியல் கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். மையங்களின் பட்டியல் சுற்றுச்சூழல் துறையிடம் உள்ளது.