பயிற்சிப் பூட்டும் 1851ஆம் ஆண்டு விவாதமும்

1851இல் இலண்டன் மாபெரும் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஆல்ஃபிரெட் ஹாப்ஸ், வெல்லவியலாதவை எனப் போற்றப்பட்ட இரு பூட்டுகளைத் திறவுகோலின்றித் திறந்தார். 6 நெம்புத்தகடுகள் கொண்ட சப் பூட்டு ஏறத்தாழ 25 நிமிடங்களில் இணங்கியது. 200 கின்னிப் பரிசு அறிவிப்புடன் பல பத்தாண்டுகள் கடைச் சாளரத்தில் வீற்றிருந்த பிராமா பூட்டோ, 18 நழுவுதகடுகள் கொண்டது. 16 நாள்களில் 51 மணி நேர உழைப்பைக் கோரியது.

அடிப்படை ஒன்றே. எவ்வுற்பத்தியும் முழுத் துல்லியமுடையதன்று. சுழற்றுவிசை தருகையில் உள்ளுறுப்புகளுள் ஒன்று முதலில் இறுகும். அதனை உரிய நிலையில் நிறுத்தினால் அடுத்தது இறுகும். இக்கலையை இன்று பொழுதுபோக்காகப் பயில்வோர், மூன்று நான்கு ஊசிகள் கொண்ட பூட்டில் தொடங்கி, பொய்யிறுக்கம் காட்டும் பூட்டுகளை இறுதியில் நாடுவது இதனாலேயே. மிக மட்டமான பூட்டு தற்செயலாகத் திறந்துகொள்ளும். விரலுக்கு எதையும் கற்பிக்காது. பயன்பாட்டிலுள்ள பூட்டோ முயற்சியில் பழுதாகக்கூடும். ஆதலின் தமக்கு உரியதும் கதவில் பொருத்தப்படாததுமான பூட்டே பயிற்சிக்கு ஏற்றது.

குறையை வெளியிடுவது கள்வர்க்குத் துணையாகாதா என்று அன்றே வினவினர். கள்வர் அதனை முன்னரே அறிவர் என்பதே ஹாப்ஸ் தரப்பின் விடை. அவ்வாறாயின், மறைப்பினால் அறியாமையில் நிறுத்தப்படுவோர் பூட்டை நம்பி வாங்குவோரேயாவர்.