எவர் எழுதிய குரல்?
சோல்ட்-என்-பெப்பாவின் இரண்டாவது இசைத்தொகுதி: ஒரு வரலாற்று நோக்கு

1988ஆம் ஆண்டின் கோடையில் நியூயோர்க்கிலிருந்து வெளிவந்த ‘எ சோல்ட் வித் எ டெட்லி பெப்பா’ என்னும் இசைத்தொகுதி, ஹிப்-ஹொப் வரலாற்றை எழுதுவோரால் பெரும்பாலும் ஓரிரு வரிகளிற் கடந்து செல்லப்படுவதொன்றாகும். சோல்ட்-என்-பெப்பா குழுவினரின் முதலாவது தொகுதி ஒரு தொடக்கம் என்ற வகையிலும், 1990இல் வெளிவந்த மூன்றாவது தொகுதி ஒரு முதிர்ச்சி என்ற வகையிலும் கவனம் பெறுகின்றன. இடையில் நிற்கும் இரண்டாவது தொகுதியோ அவசரத்தின் விளைவெனக் கொள்ளப்படுகின்றது. இக்கணிப்பு முற்றிலும் தவறானதன்று, ஆயினும் போதுமானதுமன்று. பெண்களின் குரல் என உலகு கேட்டுக்கொண்டிருந்த குரலை உண்மையில் எழுதியவர் எவர் என்ற வினா, இத்தொகுதியிற்போல் வேறெதிலும் இத்துணை வெளிப்படையாகத் தெரிவதில்லை.

தொகுதியின் பெயரே ஒரு சொல்விளையாட்டு. கொலைக்கருவியால் தாக்குதல் என அமெரிக்கக் குற்றவியல் வழக்கில் வழங்கும் ஆங்கிலத் தொடரில், தாக்குதலைக் குறிக்குஞ் சொல் உப்பு எனவும் ஒலிக்கும். கருவி நின்ற இடத்தில் மிளகு வந்து அமர்கின்றது. உப்பு என்பது ஷெரில் ஜேம்ஸ். மிளகு என்பது ஜமேய்க்காவின் கிங்ஸ்ரனிற் பிறந்த சண்ட்ரா டென்ரன். பாடுவோர் இவ்விருவருமே. இசைத்தட்டுச் சுழற்றுநர் இடத்தில், ‘ஸ்பின்டரெல்லா’ என்ற பெயருடன், 1987ஆம் ஆண்டு முதல் டீட்ரா றோப்பர் நின்றார்.

இவர்களது தொடக்கத்தைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். ஜேம்ஸும் டென்ரனும் நியூயோர்க்கின் குயீன்ஸ் பகுதியில் ஒரு சமூகக் கல்லூரியிற் பயின்றவர்கள். சியேர்ஸ் என்ற பெரும் வணிக நிறுவனத்தில் ஊழியம் புரிந்தவர்கள். அங்கு அவர்களுடன் பணியாற்றிய ஹேர்பி அசோர் ஊடகக்கலை பயின்றுகொண்டிருந்தார். வகுப்புக்கென அவர் செய்ய வேண்டியிருந்த ஒலிப்பதிவுக்குக் குரல் தேவைப்பட்டது. குரல் கொடுத்தோர் இவ்விரு பெண்கள். டக் ஈ. ஃபிரெஷ், ஸ்லிக் றிக் ஆகியோரின் ‘த ஷோ’ என்னும் பாட்டுக்கு மறுமொழியாக 1985இல் வெளிவந்த ‘த ஷோஸ்ரொப்பர்’ இவ்வாறே உருவாயிற்று. அப்போது குழுவின் பெயர் சுப்பர் நேச்சர். பின்னர் நிலைத்த பெயர் அப்பாட்டின் ஓர் அடியிலிருந்தே எடுக்கப்பட்டது.

இங்கு ஊன்றி நோக்கவேண்டிய விடயம் ஒன்றுண்டு. அக்கால ஹிப்-ஹொப்பில் பெண்ணுக்குத் திறந்திருந்த முதன்மையான வாயில் எதிர்ப்பாட்டு. 1984இல் யூ.ரி.எஃப்.ஓ. என்னும் ஆண்கள் குழு றொக்சான் என்ற பெண்ணை எள்ளிப் பாடியபோது, றொக்சான் ஷான்ரே என்ற பதின்னான்கு வயதுச் சிறுமி அதற்கு விடை பாடிப் புகழெய்தினாள். ஆண் பேசியபின் மறுத்துரைப்பவளாகவே பெண் அரங்கிற்கு வந்தாள். முதலில் பேசும் உரிமை அவளுக்குக் கிட்டவில்லை என்பது மட்டுமன்றி, மறுத்துரைக்கும் சொற்களையும் பல வேளைகளில் ஆணே எழுதிக் கொடுத்தான். சோல்ட்-என்-பெப்பாவும் இவ்வாயிலாலேயே நுழைந்தனர். இத்தனைக்கும் ஹிப்-ஹொப்பின் பிறப்பாகக் கொள்ளப்படும் 1973 ஆகஸ்ட் 11ஆம் நாள் விருந்தை புறொங்ஸில் ஏற்பாடு செய்தவர் சின்டி கம்பெல் என்ற இளம்பெண். 1979இல் ‘றப்பர்ஸ் டிலைட்’டை வெளியிட்ட நிறுவனத்தை நடத்தியவர் சில்வியா றொபின்சன் என்ற பெண். அதே ஆண்டில் தென் கரோலைனாவின் ‘த சீக்குவென்ஸ்’ என்னும் பெண்கள் குழுவும் இசைத்தட்டு வெளியிட்டது. தொடக்கத்திலேயே இருந்தவர்கள், பின்னர் வந்து மறுமொழி கூறுவோராக மாறியது எவ்வாறு என்பது தனியே ஆராயத்தக்கது.

1986இல் நெக்ஸ்ற் பிளாரோ நிறுவனம் வெளியிட்ட ‘ஹொட், கூல் அன்ட் விஷஸ்’ என்ற முதலாவது தொகுதி இம்மரபினுள்ளேயே நின்று அதனைத் திருப்பிப் போட்டது. ஒழுக்கங்கெட்டவள் எனப் பெண்ணைச் சுட்ட வழங்கிய ‘ட்றாம்ப்’ என்ற வசைச்சொல், அதே பெயருடைய பாட்டிலே, தெருவில் தொல்லை தரும் ஆண்களை நோக்கித் திருப்பப்பட்டது. அவ்விசைத்தட்டின் மறுபுறத்தில் இடம் நிரப்புவதற்கென வைக்கப்பட்டதே ‘புஷ் இற்’. சன் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த கமரன் போல் அதனை மறுகலவை செய்ததும், முன்புறத்தை மறுபுறம் விழுங்கிற்று. 1988இன் தொடக்கத்தில் அது அமெரிக்கப் பொதுப்பட்டியலில் 19ஆம் இடத்தை எட்டியது. அவ்வாண்டு யூன் 11ஆம் நாள், லண்டன் வெம்பிளி அரங்கில் நெல்சன் மண்டேலாவின் எழுபதாவது பிறந்தநாளையொட்டி நடைபெற்ற பெருங்கச்சேரியில் இவர்கள் பாடியபின், பிரித்தானியப் பட்டியலில் 2ஆம் இடத்துக்கு உயர்ந்தது.

இரண்டாவது தொகுதி இச்சூழலிற் பிறந்தது. சந்தை காத்திருக்காது. பழைய வெற்றியின் சூடு ஆறுமுன் புதிய பண்டம் வரவேண்டும் என்ற இசைத்தட்டு முதலாளித்துவத்தின் நியதிக்கு அது கட்டுப்பட்டிருந்தது. இதன் அடையாளம் பாட்டுகளின் தெரிவிலேயே உண்டு. தனித்தட்டாக வந்து புகழ்பெற்ற ‘ஷேக் யுவர் தாங்’, இஸ்லி சகோதரர்களின் 1969ஆம் ஆண்டுப் பாட்டொன்றின் மறு ஆக்கம். ‘ருவிஸ்ற் அன்ட் ஷவுட்’ 1962இல் அதே சகோதரர்களாலும், அடுத்த ஆண்டில் பீற்றில்ஸ் குழுவினராலும் புகழடைந்த பாட்டு. ‘ஐ கொச்சா’ ஜோ ரெக்ஸின் 1972ஆம் ஆண்டுப் பாட்டு. புதிதாக எழுத நேரமில்லாதபோது பழையதைப் புதுக்குதல் எளிது. ஆனால் பாட்டின் ஆக்க உரிமைக்குரிய ஊதியம் அதனைப் பாடியவரிடம் செல்வதில்லை. ‘ருவிஸ்ற் அன்ட் ஷவுட்’ பிரித்தானியாவில் எத்துணை விற்றாலும், ஆக்கியோர் என்ற பங்கு பேர்ட் பேர்ன்ஸ், பில் மெட்லி ஆகியோருக்கே உரியது. ஏனைய பாட்டுகளிற் பெரும்பாலானவற்றில் ஆக்கத்திலும் தயாரிப்பிலும் காணப்படும் பெயர் அசோரினது. இந்நிலையில் ‘சோலோ பவர்’ என்ற பாட்டின் அடைமொழி, நமக்குரிய கூலியைப் பெறுவோம் என்ற பொருள்படும் தொடராக அமைந்திருப்பது நகைமுரண் எனலாம்.

எனினும் ஏட்டில் எழுதியவர் எவர் என்பதோடு ஆய்வை முடித்துவிடல் பொருந்தாது. ‘ஷேக் யுவர் தாங்’ பாட்டில் இவர்களுடன் இசைத்தோர் வோஷிங்டனைச் சேர்ந்த ஈ.யூ. குழுவினர். அந்நகரின் கறுப்பின மக்களிடையே சக் பிறவுண் போன்றோர் வளர்த்தெடுத்த ‘கோ-கோ’ என்னும் இசை, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடைவெளியின்றித் தாளக்கருவிகள் தொடர்ந்து முழங்குவது. வெட்டி ஒட்டிய இயந்திர ஒலியன்று, கூடி நின்று ஆடும் சபையின் ஒலி. இஸ்லி சகோதரர்களின் பாட்டில் ஆண் ஒருவன் பெண்ணுக்கு வழங்கும் சுதந்திரம், இங்கே எவரும் வழங்கத் தேவையற்ற உரிமையாகிவிடுகின்றது. தமது உடலைத் தாம் விரும்பியவாறு அசைப்போம் எனப் பெண்கள் தாமே கூறுகின்றனர். இப்பாட்டின் ஒளிப்படத்தில் அவர்கள் ஆடியமைக்காகக் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்படுகின்றனர். 1994இல் வெளிவந்த ‘பிளக் நொய்ஸ்’ என்னும் நூலில் றிசியா றோஸ் இதனை விரிவாக நோக்கி, கறுப்பினப் பெண்ணின் உடலைக் கண்காணிக்கும் ஆணதிகாரத்துக்கு எதிரான செயலாக விளக்கியுள்ளார். அவ்விளக்கம் ஏற்புடையதே. குரலின் தொனியும் உடலின் அசைவும் எழுத்தாளனின் தாளில் இல்லை. அவற்றுக்கு ஆசிரியர் அப்பெண்களே. ஆயின் இவ்விடுதலைப் பண்பைப் போற்றுவோர், தட்டின் நடுவில் அச்சிடப்பட்ட பெயர்களையும் ஒருமுறை வாசித்தல் நன்று.

இதே தொகுதியிலுள்ள இன்னொரு பாட்டின் தலைப்பு, ஸ்பின்டரெல்லா ஆணல்லள், பெண்ணே எனப் பொருள்படும். இதனைத் தலைப்பிலேயே அறிவிக்க வேண்டியிருந்தமை அக்காலத்தைக் காட்டுகின்றது. இசைத்தட்டுச் சுழற்றுதல் கருவி சார்ந்த தொழில். கருவி ஆணுக்குரியது என்ற எண்ணம் ஆழமாக வேரோடியிருந்தது. குரலைப் பெண்ணுக்கு விட்டுக்கொடுத்தவர்களும் கருவியை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை.

தொகுதி அமெரிக்கப் பட்டியலில் 38ஆம் இடம்வரை சென்றது. முதலாவது தொகுதி எட்டிய 26ஆம் இடத்துடன் ஒப்பிட்டு இதனைச் சரிவென்றோர் உளர். அதே காலப்பகுதியில் எம்.சி. லைற்றின் முதலாவது தொகுதியும், 1989இல் குவீன் லட்டிஃபாவின் முதலாவது தொகுதியும் வெளிவந்தன. ஆணுக்கு மறுமொழியாக அமையாது தாமே பொருளைத் தெரிந்து பேசும் பெண்களின் வருகை, சோல்ட்-என்-பெப்பாவின் நிலையைக் கடினமாக்கியது. 1989 பெப்ரவரியில் கிறாமி விருதில் முதன்முறையாக றப் இசைக்கு ஒரு பிரிவு ஏற்படுத்தப்பட்டபோது, முன்மொழியப்பட்ட ஐவருள் இரண்டு பெண்கள் குழுக்கள் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று ‘புஷ் இற்’ பாட்டுக்காக இவர்களது குழு. அவ்விருது தொலைக்காட்சியிற் காட்டப்படமாட்டாது என அறிந்ததும், ஏனைய சிலருடன் சேர்ந்து இவர்களும் விழாவைப் புறக்கணித்தனர். மறுமொழி சொல்லப் பயின்றவர்கள் மறுத்து நிற்கவும் பயின்றனர்.

1990இல் வெளிவந்த ‘பிளக்ஸ் மஜிக்’ தொகுதியில் ‘எக்ஸ்பிறெஷன்’ என்ற பாட்டை எழுதித் தயாரித்தவர் ஷெரில் ஜேம்ஸ். றப் தனித்தட்டுகளின் பட்டியலில் அது எட்டு வாரங்கள் முதலிடத்தில் நின்றது. பேனா கைமாறிவிட்டது என்று இதனைக் கொண்டு முடிவுகட்டுவோர் அடுத்த தொகுதியையும் நோக்குதல் வேண்டும். 1993இல் வந்த ‘வெரி நெசசரி’யில், ஜேம்ஸும் டென்ரனும் எழுத்தில் பங்குகொண்ட ‘ஷூப்’ பொதுப்பட்டியலில் 4ஆம் இடத்தைப் பெற்றது. 1995இல் அவர்களுக்குக் கிறாமி விருதைப் பெற்றுத் தந்ததோ, ஒரு பெண்ணின் வாழ்வு பிறர்க்குரிய விடயமன்று எனப் பேசும் ‘நண் ஒஃப் யுவர் பிஸ்னஸ்’. அதனை எழுதியவர் ஹேர்பி அசோர்.