பயாப்சி ரிப்போர்ட்டுக்கு ஒரு படிவம் வந்த கதை



பி.காம் படிப்பவர்களுக்கு இருப்புநிலைக் குறிப்பின் படிவம் தெரியும். பொதுவாகக் கம்பெனிகள் 2013 கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை சொல்லும் தலைப்புகளில்தான் கணக்கு காட்ட வேண்டும். சொந்த நடையில் கதை எழுதினால் செல்லாது. சரி, உயிர் சம்பந்தப்பட்ட நுரையீரல் பயாப்சி ரிப்போர்ட்டுக்கு அப்படி ஒரு ஒழுங்கு எப்போது வந்தது?

1897இல் ஜெர்மனியின் குஸ்டாவ் கில்லியன் மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்த்தார். அது வளையாத குழாய். 1960களில் ஜப்பானின் ஷிகெடோ இகேடா வளையும் குழாயைக் கொண்டுவந்ததும் சதைத் துணுக்கு எடுப்பது சுலபமானது. ஆனால் கிடைப்பதோ அரிசிக் குருணை அளவுதான்!

ரொம்ப காலம் அந்தத் துணுக்கைப் பார்த்து "சிறு செல் புற்று" அல்லது "சிறு செல் அல்லாத புற்று" என்று எழுதினாலே போதும். இரண்டாவது வகை எதுவானாலும் மருந்து ஏறக்குறைய ஒன்றுதான்.

2004இல் நிலைமை மாறியது. சிலரின் புற்றுக்கட்டியில் ஈ.ஜி.எஃப்.ஆர் என்ற மரபணு மாறியிருப்பதும், அவர்களுக்கு ஜெஃபிட்டினிப் மாத்திரை நன்றாக வேலை செய்வதும் தெரிந்தது. அதே ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், பெவாசிசுமாப் மருந்து ஸ்குவாமஸ் வகை நோயாளிகளுக்கு நுரையீரலில் ஆபத்தான ரத்தப்போக்கை உண்டாக்கலாம் என்று தெரிந்தது. ஆக, வகையைச் சொல்லாத ரிப்போர்ட் வெறும் அரைகுறை இல்லை, ஆபத்து!

2011இல் மூன்று சர்வதேச மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து சின்னத் துணுக்குகளுக்கென்றே விதிமுறை வகுத்தன. 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடும் அதை ஏற்றது. சுருக்கமாக:

1. முடிந்தவரை அடினோகார்சினோமாவா, ஸ்குவாமஸா என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.
2. அதற்குச் சாயச் சோதனை செய்திருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும்.
3. துணுக்கு முழுவதையும் சாயத்திலேயே செலவழிக்காமல் மரபணுச் சோதனைக்கு மீதி வைக்க வேண்டும்.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால் முதலில் நினைவுக்கு வருவது டிபி. அதனால் டிபி கிருமியைத் தேடினார்களா, கிடைத்ததா என்பதும் ரிப்போர்ட்டில் தெளிவாக இருக்க வேண்டும். "புற்று தெரியவில்லை" என்பது ஒன்று, "துணுக்கு போதவில்லை" என்பது வேறு. இரண்டையும் குழப்பினால் நோயாளி மாதக்கணக்கில் தவறான மாத்திரை சாப்பிடுவார்.

முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைதான் 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்துகிறது. இப்படிப்பட்ட பதிவேட்டுக்கும் அடிப்படை பயாப்சி ரிப்போர்ட்தான். மூலம் மொட்டையாக இருந்தால் கணக்கும் மொட்டைதான். வவுச்சர் சரியில்லாமல் லெட்ஜர் எப்படிச் சரியாகும்?

தாராசுரத்துக்காரர் ஒருவருக்கு தஞ்சாவூரில் துணுக்கு எடுத்து, சென்னையில் வைத்தியம் நடக்கலாம். அங்கே இருக்கும் டாக்டர் இங்கே மைக்ராஸ்கோப் பார்த்தவரைச் சந்திக்கப் போவதே இல்லை. இருவருக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு காகிதம்தான்.

தாராசுரம் கோயிலில் நாயன்மார் கதை சொல்லும் குட்டிச் சிற்பங்களோடு பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டுச் சிற்பிக்கு, பின்னால் வருகிறவன் தன்னிடம் வந்து கேட்க முடியாது என்பது தெரிந்திருக்கிறது. லேப் ரிப்போர்ட்டும் அந்த நினைப்போடு எழுதப்பட வேண்டும்.