நேர்காணலுக்காகவே வளர்ந்த ஒரு பேட்டை

ஹைதராபாத் அமீர்பேட்டில், மைத்ரிவனம் கட்டடத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வானத்தைவிடப் பதாகைகளே அதிகம் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. ஜாவா, ஆரக்கிள், எஸ்ஏபி, டாட் நெட், டெஸ்டிங் என ஒவ்வொரு பதாகையிலும் ஒரு தொழில்நுட்பத்தின் பெயரும், அதைக் கற்பிப்பவரின் பெயரும், வகுப்பு தொடங்கும் நாளும் நேரமும் இருக்கும். பெயருக்கு அருகே பெரும்பாலும் ‘ரியல் டைம்’ என்ற சொல் காணப்படும். கணினியியலில் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. அமீர்பேட்டில் அது, கற்பிப்பவர் நிறுவனம் ஒன்றில் உண்மையாகவே பணியாற்றியவர், ஆகவே நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்பதை அறிந்தவர் என்று பொருள்பட்டது. ஒரு சொல்லின் இந்தப் பொருள் மாற்றத்துக்குள் இந்தியத் தகவல் தொழில்நுட்பத் துறையின் வரலாற்றில் ஒரு பகுதி அடங்கியிருக்கிறது.

கணினி வேலைக்கு ஆள் எடுப்பது தொடக்கம் முதலே ஒரு சிக்கலாக இருந்துவந்தது. நிரலாளர் என்றொரு தொழிலே புதிதாக இருந்தபோது, அதற்குரிய பட்டமும் இல்லை, பாடத்திட்டமும் இல்லை. எனவே அமெரிக்காவின் ஐபிஎம் நிறுவனம் 1955-இல் நிரலாளர்க்கான உளச்சார்புத் தேர்வு ஒன்றை உருவாக்கியது. எண் தொடர்களும் உருவ ஒப்புமைகளும் கணக்குகளும் கொண்ட அத்தேர்வை 1967-ஆம் ஆண்டில் மட்டும் 1,55,000-க்கும் மேற்பட்டோர் எழுதினர். அத்தேர்வு அளந்தது திறமையை அன்று, திறமை வரக்கூடிய வாய்ப்பை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்க்கு வேலையைக் கற்றுத்தருவது நிறுவனத்தின் பொறுப்பாக இருந்தது. இந்த ஏற்பாட்டை நினைவில் கொண்டால்தான் பின்னாளில் நேர்ந்த மாற்றம் விளங்கும்.

இந்தியாவில் 1981-இல் தொடங்கப்பட்ட என்ஐஐடி போன்ற தனியார் நிறுவனங்கள் கணினிக் கல்வியை நடுத்தர வர்க்கத்திடம் கொண்டு சேர்த்தன. ஆங்கிலவழிப் பாடம், நீண்ட காலப் பட்டயம், கணிசமான கட்டணம் என்பன அவற்றின் அடையாளங்கள். அமீர்பேட் வேறொரு பாதையில் வளர்ந்தது. அங்கே ஒருவர் முழுப் பட்டயத்தை வாங்க வேண்டியதில்லை. தேவையான ஒரு மென்பொருளை மட்டும், ஓரிரு மாதங்களில், சில ஆயிரம் ரூபாய்க்குக் கற்கலாம். முதல் சில வகுப்புகளை இலவசமாகக் கேட்டு, ஆசிரியரைப் பிடித்திருந்தால் மட்டும் பணம் கட்டலாம்.

இதற்கான தேவை 1990-களின் பிற்பகுதியில் திடீரெனப் பெருகியது. ஆண்டைக் குறிக்க இரண்டு இலக்கங்களை மட்டும் பயன்படுத்திய பழைய நிரல்கள் 2000 பிறக்கும்போது தடுமாறும் என்ற அச்சம், கோபோல் போன்ற பழைய மொழிகளில் எழுதப்பட்ட நிரல்களை வரிவரியாகத் திருத்த ஆள் வேண்டும் என்ற நிலையை உண்டாக்கியது. அமெரிக்கா ஹெச்-1பி விசாக்களின் ஆண்டு உச்சவரம்பை 65,000-இலிருந்து முதலில் 1,15,000-ஆகவும், பின்னர் 1,95,000-ஆகவும் உயர்த்தியது. 1998 நவம்பரில் ஹைடெக் சிட்டியின் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டது. ஆந்திரத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்ற மென்பொருள் பணியாளர்களை ஆராய்ந்த மானிடவியலாளர் சியாங் பியாவ், இந்தப் பயிற்சிக்கும் பயணத்துக்குமான முதலீடு நில வருமானத்திலிருந்தும் வரதட்சணையிலிருந்தும் வந்ததைத் தம் நூலில் விளக்குகிறார். கோதாவரி, கிருஷ்ணா வடிநிலங்களின் நெல் வயல்களுக்கும் அமீர்பேட்டின் வகுப்பறைகளுக்கும் இடையே இருந்த உறவு அத்தகையது.

வகுப்பறையின் மொழி தனித்துக் கவனிக்கத்தக்கது. பெயர்ச்சொற்கள் ஆங்கிலத்திலும் வினைமுடிபு தெலுங்கிலும் அமையும். ‘மெமரி அலோகேட் அவுதுந்தி’ என்று ஆசிரியர் சொன்னால், சிற்றூரில் தெலுங்குவழியில் பயின்று வந்த மாணவர்க்கு நினைவக ஒதுக்கீடு எப்படி நிகழ்கிறது என்பது தடையின்றி விளங்கும். ஆனால் அதே வகுப்பின் இறுதியில், நேர்காணலில் சொல்ல வேண்டிய விடை மட்டும் முழு ஆங்கில வாக்கியமாகக் கரும்பலகையில் எழுதப்படும். மாணவர்கள் அதைச் சொல் மாறாமல் குறித்துக்கொள்வர். புரிந்துகொள்ள ஒரு மொழி, புரிந்ததை நிரூபிக்க மற்றொரு மொழி. ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற எளிய கேள்விக்கும் மனப்பாடம் செய்த விடையே துணை நின்றது. அதைக் கேட்ட தேர்வாளர் பலர், மாணவர்க்குச் சொந்தச் சிந்தனை இல்லை என்று முடிவு செய்தனர். அவர் சிந்தித்த மொழியில் அவரிடம் யாரும் கேள்வி கேட்கவில்லை என்பது கணக்கில் வரவில்லை.

கேள்விகளைத் திரட்டும் முறையும் இங்கே ஒழுங்குபெற்றது. நேர்காணலுக்குச் சென்று திரும்பியவரைச் சூழ்ந்துகொண்டு, என்னென்ன கேட்டார்கள் என்று நண்பர்கள் விசாரிப்பர். அது குறிப்பேட்டில் ஏறும். குறிப்பேடு ஜெராக்ஸ் கடைக்குச் செல்லும். சில நாள்களில் அது ‘மெட்டீரியல்’ என்ற பெயரில் விற்பனைக்கு வரும். யஷவந்த் கனேத்கரின் சி மொழி நூல்களும், சகுந்தலா தேவியின் புதிர் நூல்களும், ஆர்.எஸ்.அகர்வாலின் கணித நூலும் நாடெங்கும் இதே பணியைச் செய்தன. கேள்வி பொதுவுடைமையானதும் நிறுவனங்கள் கேள்வியை மாற்றின. பயிற்சியும் அதைப் பின்தொடர்ந்து மாறியது.

இந்த வரலாற்றில் மறைக்கக்கூடாத ஒரு பகுதியும் உண்டு. முன்னனுபவம் உள்ளவர்க்கே வேலை என்ற நிபந்தனை பரவியபோது, இல்லாத அனுபவத்தை இருப்பதாகக் காட்டும் சான்றிதழ்களும் விற்பனைக்கு வந்தன. தொலைபேசி நேர்காணலில் ஒருவருக்காக மற்றொருவர் பேசுவதும் நடந்தது. நிறுவனங்கள் பின்னணிச் சரிபார்ப்பைக் கடுமையாக்கின. பொய்ச் சான்று வாங்கியவர்கள் வேலையிழந்தனர். நேர்மையாகப் படித்தவர்களும் முகவரியில் அமீர்பேட் என்று எழுதத் தயங்கினர். அனுபவம் பெற வேலை வேண்டும், வேலை பெற அனுபவம் வேண்டும் என்ற முடிச்சை யாரும் அவிழ்க்காத இடத்தில்தான் அந்தச் சந்தை உருவாயிற்று. அதனால் அச்செயல் சரியாகிவிடாது. அதன் காரணம் மட்டும் தெளிவாகிறது.

2000-களில் பொறியியல் கல்லூரிகள் பெருகின. ஒய்.எஸ்.ராஜசேகர ரெட்டியின் ஆட்சியில் வந்த கட்டணத் திருப்பித்தரும் திட்டம், ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர்க்குப் பட்டத்தை எட்டச் செய்தது. பட்டத்தின் செலவை அரசு ஏற்றது. பட்டத்துக்கும் வேலைக்கும் இடைப்பட்ட மாதங்களின் செலவை, அதாவது விடுதி வாடகை, வகுப்புக் கட்டணம், உணவு ஆகியவற்றை, குடும்பமே சுமந்தது. ஐபிஎம் காலத்தில் ஆளைத் தேர்ந்த பின் நிறுவனம் பயிற்சி அளித்தது. இன்றும் பெருநிறுவனங்கள் சில, புதியவர்க்கு மாதக்கணக்கில் பயிற்சி தருகின்றன. ஆனால் அந்த வாயிலை அடைவதற்கு முன்பே ஒரு பயிற்சியை விண்ணப்பதாரர் தம் பணத்தில் முடித்திருக்க வேண்டியதாயிற்று.

அதன்பின் கேள்விகளின் வகையே மாறியது. தரவுக் கட்டமைப்புகளும் படிமுறைகளும் முதன்மை பெற்றன. கெய்ல் லாக்மன் மெக்டவல் 2008-இல் முதலில் வெளியிட்ட நேர்காணல் வழிகாட்டி நூலின் 2015-ஆம் ஆண்டுப் பதிப்பில் 189 கேள்விகளும் விடைகளும் இருந்தன. கீக்ஸ்ஃபார்கீக்ஸ், லீட்கோட் போன்ற தளங்கள் ஜெராக்ஸ் கடையின் இடத்தைப் பிடித்தன. 2020 மார்ச்சில் வந்த ஊரடங்கில் வகுப்பறைகள் மூடப்பட்டு, பாடங்கள் கைப்பேசித் திரைக்கு இடம் பெயர்ந்தன. ஆனால் யூடியூபில் இன்றும் தெலுங்கில் ஜாவா கற்பிக்கும் குரல்களைக் கேட்கலாம். அவற்றிலும் விளக்கம் தெலுங்கில் வருகிறது. நேர்காணலுக்குரிய விடை ஆங்கிலத்தில் வருகிறது.

கல்வி வரலாற்றை எழுதுவோர் பல்கலைக்கழகங்களைப் பற்றி எழுதுகின்றனர். தொழில்துறை வரலாற்றை எழுதுவோர் நிறுவனர்களைப் பற்றி எழுதுகின்றனர். இரண்டுக்கும் நடுவே, மாடிப்படியில் செருப்புகளைக் கழற்றி வைத்துவிட்டு, நெருக்கியடித்து அமர்ந்து, அடுத்தவரின் தோளுக்கு மேலாகக் கரும்பலகையைப் பார்த்து எழுதியவர்களின் குறிப்பேடுகள் பழைய தாள் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஒரு தலைமுறை எதைக் கற்க வேண்டியிருந்தது, அதற்கான விலையை யார் கொடுத்தார் என்பதற்கு அவற்றைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது. எடைக்குப் போடுமுன் ஒரு பிரதியையேனும் யாராவது எடுத்து வைக்க வேண்டும்.